தலைக்கட்டும் தண்ணீரும்



சமூகவியல் வகுப்பில் குடும்பம் என்றதும் மர்டாக்கிடமிருந்து தொடங்குவார்கள். ஒரே வீட்டில் வாழ்வது, கூடி உழைத்து உண்பது, பிள்ளை பெறுவது என 1949-இல் அவர் இலக்கணம் வகுத்தார். குழந்தையைச் சமூகத்துக்குப் பழக்குவது குடும்பத்தின் வேலை என்றார் பார்சன்ஸ். தேர்வுக்கு இது போதும். பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று பார்த்தால் போதாது.

அங்கே 'பாடு' என்றொரு முறை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி, நீரோட்டம் உள்ள இடத்தில் கழி நட்டு வலை கட்டினால் இறால் நிறையக் கிடைக்கும். நல்ல இடங்கள் கொஞ்சம், வலைக்காரர்கள் அதிகம். ஆகவே சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம், எப்போது என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இதற்குப் பேர்போனவை. பொதுவளத்தை மக்களே காக்க முடியும் என்று எலினார் ஆஸ்ட்ரம் 1990-இல் எழுதியதை நினைவூட்டும் ஏற்பாடு. அதன்மேல் நமக்கும் மரியாதை உண்டு.

ஆனால் சீட்டில் யார் பெயர் இருக்கிறது? பட்டினவர் சாதியில் பிறந்த, கல்யாணமான ஆணின் பெயர். அவர்தான் தலைக்கட்டு. (ஊரில் திருவிழா வரி கேட்டு வரும்போது எண்ணுகிறார்களே, அதே கணக்கு.) மகன் தாலி கட்டினால் ஏரியில் ஒரு பங்குக்கு உரியவனாகிறான். தனிச்சொத்தைக் காக்கவே இந்தக் குடும்ப வடிவம் வந்தது என்று 1884-இல் எங்கெல்ஸ் சொன்னார். இங்கே தண்ணீர் எவருடைய தனிச்சொத்தும் இல்லை. அப்படியும் வேலி விழுந்திருக்கிறது.

இந்த முடிச்சை அவிழ்க்க நமக்கு உதவுபவர் அண்ணல் அம்பேத்கர். 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயதில், அவர் வாசித்த கட்டுரை சாதியின் உயிர்நாடி அகமணம் என்று நிறுவியது. திருமணத்தை அடைத்தால் சாதி நிற்கும். பழவேற்காட்டில் அதே அடைப்பு ஏரியையும் அடைக்கிறது. சாதிக்குள் கல்யாணம், கல்யாணத்தால் தலைக்கட்டு, தலைக்கட்டுக்குப் பாடு.

இறாலுக்கு ஏற்றுமதி விலை ஏறிய பிறகு தலித்துகளும் வலையோடு ஏரியில் இறங்கினார்கள். உங்களுக்கு இது பரம்பரைத் தொழில் இல்லை என்று தடுத்தார்கள், மோதல்களும் நடந்தன. பரம்பரை என்ற சொல்லைச் சமூகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். அது மீன்பிடிக்கும் திறமையைப் பற்றிய சொல்லே இல்லை. யார் வீட்டில் பிறந்தாய் என்று கேட்கும் சொல். மீன் கூடையைத் தலையில் சுமந்து விற்றுக் குடும்பத்தை நடத்தும் பட்டினவப் பெண்ணின் பெயரிலும் பாடு இல்லை. ஆழமில்லாத இடத்தில் கையாலேயே இறாலைத் தடவிப் பிடித்துப் பறியில் போடும் இருளர் பெண்ணுக்கும் வீடு, உழைப்பு, பிள்ளைகள் என மர்டாக் கேட்ட மூன்றும் இருக்கின்றன. தலைக்கட்டு மட்டும் இல்லை.

பாட்டை ஒழிக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. பட்டினவர்களும் ஏழைகள்தாம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு தலை கூடுவதால் அவர்களுடைய முறை ஏற்கெனவே தள்ளிப்போகிறது. அந்த அச்சம் பொய்யில்லை. முகத்துவாரம் மணல் மூடுகிறது. காட்டுப்பள்ளித் துறைமுகமும் எண்ணூர் அனல்மின் நிலையங்களும் பக்கத்திலேயே நிற்கின்றன. அவற்றை எதிர்த்துக் கூடும் கூட்டத்துக்கு நம்மையும் அழைக்கிறார்கள், நாமும் போகிறோம். தலைக்கட்டில் யார் யார் என்ற கேள்வியை அதே கூட்டத்தில், அதே பந்தலில் எடுக்க வேண்டும் என்கிறோம்.