இராமானுசன் பட்டியலில் விடுபட்ட எண்

கணித மேதை சீனிவாச இராமானுசன் கணக்கில் பிழையே செய்யாதவர் என்றுதான் பள்ளி விழாக்களில் நாம் பேசி வருகிறோம். நானும் அப்படிப் பேசியவன்தான். அவர் ஓர் எண்ணைத் தவறவிட்ட செய்தியைப் படித்தபோது முதலில் நம்ப மனம் வரவில்லை.

1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுசன், மறு ஆண்டே இலண்டன் கணிதக் கழக ஏட்டில் மிகு பகு எண்களைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். தனக்கு முந்தைய எந்த எண்ணைவிடவும் கூடுதலான காரணிகளைக் கொண்டதே மிகு பகு எண். 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள் உண்டு. அதற்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. அடுத்தவை 24, 36, 48, 60 எனத் தொடரும்.

இவற்றைப் பகா எண்களாகப் பிரித்தால் ஓர் ஒழுங்கு தெரியும் என்பதை அவர் நிறுவினார். 2இல் தொடங்கிப் பகா எண்கள் இடைவிடாது வரிசையாக வரும். பின்னால் வருவது முன்னால் உள்ளதைவிட அதிக முறை வராது. கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும். 4, 36 ஆகிய இரண்டு மட்டும் இதற்கு விலக்கு.

கணினி இல்லாத காலத்தில் அவர் தொகுத்த பட்டியல் 6,746,328,388,800 வரை செல்கிறது. அது நம் தாத்தாக்களின் கணக்கில் ஆறே முக்கால் இலட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு! அதன் காரணிகள் 10,080. ஆனால் இடையில் 293,318,625,600 விடுபட்டுவிட்டது. 5,040 காரணிகளைக் கொண்ட அதுவும் மிகு பகு எண்ணே.

கலும்பாங்கில் என் மாணவர்களிடம் இதைச் சொன்னேன். "ஐயா, அவருமா விட்டுட்டாரு?" என்றான் ஒருவன். அவன் முகத்தில் தெரிந்தது ஏமாற்றமா, நிம்மதியா என்று என்னால் சொல்ல முடியவில்லை. விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கச் சொன்னேன். கடைகளில் உள்ள 12 இலக்கக் கணிப்பானில் விடை அடங்காது. ஆகவே தாளில்தான் செய்தாக வேண்டும். சிலருக்கு மூன்றாம் முறைதான் சரியாக வந்தது. வந்த விடை 6,746,328,388,800. பட்டியலின் கடைசி எண்ணேதான்! விடுபட்டது அதற்குள்ளேயே இருந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் கல்லூரித் தேர்வுகளில் தோற்றவர் இராமானுசன். இந்தக் கட்டுரைக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. கணிதக் கழகத்தின் பண நெருக்கடியால் அப்போது அச்சேறாத பகுதி 1997இல்தான் வெளிவந்தது. அந்த மாணவன் மட்டும் பெருக்கிய தாளை இன்னும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. வீட்டில் அப்பாவிடம் காட்ட வேண்டுமாம்.