மஞ்சள் கட்டம்: பச்சை விளக்கு எரிந்தாலும் காத்திருக்க வேண்டிய இடம்

மாலை ஆறு மணிக்குக் கோலாலம்பூரின் ஜாலான் துன் ரசாக், ஜாலான் அம்பாங் பக்கம் கார் ஓட்டியவர்களுக்கு இது பழகிய காட்சி. சமிக்ஞை விளக்கு பச்சைக்கு மாறிவிட்டது. ஆனால் எதிரே சாலை நிறைந்து கிடக்கிறது. பின்னால் இருப்பவர் ஹாரன் அடிக்கிறார். காரை நகர்த்தலாமா?

கூடாது. சந்திப்பின் நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டிருக்கும் மஞ்சள் கட்டம், அதாவது நாம் மலாயில் 'பெத்தாக் கூனிங்' என்று சொல்வது, இதற்காகத்தான் வரையப்பட்டுள்ளது. 1967-ஆம் ஆண்டு பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த இம்முறை பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது.

விதி எளிது. கட்டத்தைத் தாண்டி உங்கள் வாகனம் முழுமையாக நிற்க இடம் இருந்தால் மட்டுமே உள்ளே நுழைய வேண்டும். இல்லையென்றால், விளக்கு பச்சையாக இருந்தாலும் நிறுத்தக் கோட்டுக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும். கார், லோரி, பேருந்து, மோட்டார் சைக்கிள் அனைத்துக்கும் இது பொருந்தும். போக்குவரத்துப் போலீஸ்காரர் பணியில் இருந்தால், விளக்கைப் பார்க்காமல் அவரது கைச் சைகையைப் பின்பற்ற வேண்டும்.

ஒரு கார் நின்றால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றலாம். கட்டத்துக்குள் சிக்கிய கார் குறுக்குச் சாலையை அடைத்துவிடுகிறது. அந்தப் பக்கம் பச்சை விழுந்தும் யாராலும் நகர முடிவதில்லை. பொறுமை இழந்தவர்கள் அவர்களும் முண்டியடித்து நுழைகிறார்கள். சில நிமிடங்களில் நான்கு பக்கமும் முடங்கி, நெரிசல் பின்னால் இருக்கும் அடுத்த சந்திப்பு வரை நீள்கிறது.

அந்த வரிசையில் ஆம்புலன்ஸ் ஒன்று மாட்டிக்கொண்டால், சைரன் ஒலித்தும் பயனில்லை. ஒதுங்கி வழிவிட நினைப்பவருக்கும் ஒதுங்க இடம் இருக்காது. தீயணைப்பு நிலைய வாசலில் மஞ்சள் கட்டம் போடப்படுவதும் இதனால்தான். விளக்கே இல்லாத அந்த இடத்திலும், 'ஒரு நிமிடம்தானே' என்று நிற்கக் கூடாது.

சாலைக் குறியீட்டை மீறுவது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் 79(2) பிரிவின் கீழ் குற்றமாகும். நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டால் 300 முதல் 2,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம். கேமராவில் பதிவானால், வாகனம் யார் பெயரில் உள்ளதோ அவருக்கே முதலில் அறிக்கை வரும். தோட்டத்தில் இருக்கும் அப்பாவின் பெயரில் உள்ள காரைப் பட்டணத்தில் ஓட்டும் பிள்ளைகள் இதை நினைவில் கொள்வது நல்லது.

பழகிக்கொள்ள ஒரு வழி உண்டு. சந்திப்பை நெருங்கும்போது விளக்கை மட்டும் பார்க்காமல், முன்னால் போகும் வாகனத்தையும் கவனியுங்கள். அது கட்டத்தைத் தாண்டி, அதன் பின்னால் உங்கள் வாகனத்துக்கு இடம் விழுந்த பிறகு நகருங்கள். பின்னால் அடிக்கும் ஹாரனுக்காக நுழைந்தாலும், சம்மன் வருவது உங்களுக்குத்தான்.