பணப்புழக்கம்
'புழங்கு' என்னும் வினையிலிருந்து வந்தது புழக்கம். கைமாறிப் பயன்படுவதே அதன் உயிர். 'பணம்' முன்பு ஒரு சிறு நாணயத்தின் பெயர். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலச் சென்னையில் 42 பணம் ஒரு வராகன். இன்று ரொக்கத்தோடு வங்கி வைப்புகளும் பணக் கணக்கில் சேரும். பொருளியலில் இதன் மொத்த இருப்பைத் தமிழகப் பாடநூல்கள் 'பண அளிப்பு' என்கின்றன. இலங்கையில் 'பண நிரம்பல்'.

இந்த இருப்பைத் தனித்துச் சொல்வதில் பயனில்லை, நாட்டின் உற்பத்தியோடு ஒப்பிட வேண்டும். சீனாவில் 2024 இறுதியில் இது சுமார் 313 லட்சம் கோடி யுவான். அவ்வாண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறத்தாழ 135 லட்சம் கோடி. இரு மடங்குக்கும் மேல்! ஆனால் இந்த விகிதம் ஏற ஏறப் பணம் கைமாறும் வேகம் குறைகிறது என்றே பொருள். வைப்பில் தேங்கிய பணத்தைப் 'புழக்கம்' என்பது தவறு. இருப்புக்கு 'அளிப்பு' என்பதே பொருத்தம்.