பெற்றோர் விசா: கடலூர், சிதம்பரம் வட்டாரம்

வெளிநாட்டில் குடியமர்ந்த மகனோ மகளோ ஊரிலுள்ள முதிய தாய் தந்தையரைத் தம்முடன் வைத்துக்கொள்ள அந்நாட்டு அரசிடம் பெறும் அனுமதி. நிரந்தரமாகக் குடியேறச் செய்வது, சில ஆண்டுகள் தங்கவிடுவது, சில மாத வருகைக்கு மட்டும் உதவுவது என மூவகைப்படும். பண்ணுருட்டி நகராட்சிக்குட்பட்ட திருவதிகையிலும் அதையடுத்த நெய்வேலி, சிதம்பரம் பகுதிகளிலும் ‘மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்’ என்றால் பெரும்பாலும் மூன்றாம் வகையே. மருமகளுக்கோ மகளுக்கோ பிரசவம் பார்க்கப் போவதுதான் முதல் பயணம்.

கெடிலக் கரையில் வீரட்டானேசுவரர் கோயில் கொண்ட திருவதிகை, திலகவதியார் வாழ்ந்த ஊர். பெற்றோரை இழந்தபின் தம்பிக்காகவே உயிர் தரித்திருந்தவர் அவர். திருப்பாதிரிப்புலியூர்ச் சமண மடத்திலிருந்து சூலை நோயோடு தம்பி மருள்நீக்கியார், பின்னாளில் திருநாவுக்கரசர், தமக்கையை நாடி வந்ததும் இங்கேதான். மூத்தவரிருக்கும் இடத்துக்கு இளையவர் வருவது இவ்வூர் அறிந்த பழைய வழக்கம். இளையவர் இருக்குமிடத்துக்கு மூத்தவர் போவது விமானக் காலத்து வழக்கமே.

கப்பல் காலம்

பரங்கிப்பேட்டை, கடலூர், நாகப்பட்டினத் துறைகளிலிருந்து பினாங்குக்கும் மலாக்காவுக்கும் மரக்காயர் கப்பல்கள் சென்றுவந்தன. வணிகர்கள் ஆண்கள் மட்டுமாகவே போனார்கள். வீடும் பெற்றோரும் ஊரில் இருந்தனர். தோட்டத் தொழிலாளரைக் கங்காணிகள் திரட்டிய காலத்தில் மனைவி, பிள்ளைகளோடு போனவர் உண்டு. ஆனால் உழைக்க இயலாத முதியவரைத் தோட்டக் கூலி முறை ஏற்கவில்லை; ரப்பர்ப் பால் வெட்டும் கைகளையே அது எண்ணியது. உதவிப் பயணச் சீட்டில் கூலியாட்கள் மலாயா செல்வதை 1938-ல் இந்திய அரசு நிறுத்தியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவைப் பிடித்தபின், போர் முடியும்வரை கப்பலே இல்லை. 1953-ல் நடைமுறைக்கு வந்த மலாயாக் குடிவரவுச் சட்டம் வாசலை மேலும் குறுக்கியது. ஆகவே பெற்றோர் கடல் கடந்ததைவிட, முதுமையில் பிள்ளைகளே ஊர் திரும்பி நிலம் வாங்கியது அதிகம்.

1926-ல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதன்பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்து முடிந்தது. டெக்கில் பாய் விரித்துப் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன பாட்டிகளும் இக்கப்பல்களில் இருந்தனர். ஆனால் அவர்களைப் பற்றி எழுதிவைத்தவர் அரிது.

புதுச்சேரிக் கிளை தனியானது. பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்கும் கடலூருக்கும் கொள்வினை கொடுப்பினை நெடுநாளாக உண்டு. 1962 ஆகஸ்ட் 16-ல் இணைப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபின், புதுச்சேரிக்காரர் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்றிருந்தது. அப்படித் தேர்ந்தவர்களுக்கு விசா என்ற பேச்சே எழவில்லை. பிரெஞ்சுக் குடிமக்கள் தம்மை நம்பி வாழும் பெற்றோரைப் பத்தாண்டு வசிப்பு அட்டையில் அழைத்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது.

சட்டங்கள்

1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்தியாவுக்கு அமெரிக்கா ஆண்டுக்கு 100 இடமே ஒதுக்கியிருந்தது. 1965-ஆம் ஆண்டுச் சட்டம், 21 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்களின் பெற்றோரை எண்ணிக்கை வரம்பற்ற நெருங்கிய உறவினராக்கியது. கிரீன் கார்டு மட்டும் உள்ளவர் பெற்றோரை அழைக்க முடியாது. வேலை விசாவிலுள்ளவருக்கும் வழியில்லை. அவர்களின் பெற்றோருக்கு வருகை விசாவே கதி. அதில் ஒரு முறை நுழைந்தால் வழக்கமாக ஆறு மாதம் தங்கலாம்.

கனடா 2011 நவம்பரில் பெற்றோர் விண்ணப்பங்களை நிறுத்திவைத்து, அடுத்த மாதமே சூப்பர் விசாவைத் தொடங்கியது. அதற்கு ஒரு லட்சம் கனடிய டாலர் மருத்துவக் காப்பீடு வேண்டும். ஒரே வருகையில் தங்கும் காலம் முதலில் இரண்டு ஆண்டு, 2022 ஜூலை முதல் ஐந்து. பிரிட்டன் 2012 ஜூலையில் கதவை ஏறக்குறைய அடைத்தது: அன்றாடப் பராமரிப்பின்றி வாழ முடியாத நிலையும், அப்பராமரிப்பு சொந்த நாட்டில் பணம் கொடுத்தும் கிடைக்காது என்ற சான்றும் தேவை. சென்னையிலும் புதுச்சேரியிலும் மருத்துவமனைகள் இருக்கும்வரை கடலூர்ப் பெற்றோர் இதை நிறுவுவது கடினம். ஆஸ்திரேலியாவில் பணம் கட்டும் பெற்றோர் விசா ஒருவருக்குச் சுமார் 48,000 டாலர். கட்டாத வரிசையில் காத்திருப்பு 30 ஆண்டை ஒட்டியது. குடியேறும் பெற்றோர் ஒருவரால் வாழ்நாள் முழுதும் அரசுக்கு 3,35,000 முதல் 4,10,000 டாலர் வரை நிகரச் செலவு என்று 2016-ல் அந்நாட்டு உற்பத்தித்திறன் ஆணையம் கணக்கிட்டது. பேரப்பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொள்வதால் தாய் வேலைக்குப் போய்க் கட்டும் வரி இத்தகைய கணக்கில் பாட்டியின் பெயரில் ஏறுவதில்லை. அதனால் பெற்றோர் சுமை என்ற முடிவு பிழையானது.

ஆவணங்கள்

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது; அதற்கு முன் கிராமத்தில் பிறந்த பலருக்குப் பிறப்புச் சான்று கிடையாது. பதிவில் பெயர் இல்லை என்ற சான்றும், விவரமறிந்த மூத்த உறவினரின் உறுதிமொழிப் பத்திரமும் பெற வேண்டும். பழைய தாள்களில் ‘தென்னாற்காடு மாவட்டம்’ என்றிருக்கும். கடலூர் மாவட்டம் 1993-ல் தோன்றியது. முன்னெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட தமிழர் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் மட்டும் நிரம்பியிருந்தால், அமெரிக்க விசாவில் பெயரிடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதற்பெயர் தெரியாது) என்று விழுகிறது. தந்தைக்கு மனுச் செய்யப் பெற்றோரின் திருமணச் சான்றும் தேவை. கோயிலில் தாலி கட்டிய தம்பதியர் நாற்பது ஆண்டு கழித்து, திருமணப் பத்திரிகையைத் தேடியெடுத்துக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் நிற்பது இதனால்தான்.

வெளிநாட்டுவாசியாகிவிட்டவர் இந்தியாவில் விவசாய நிலம் புதிதாக வாங்க முடியாது. இருப்பதை வைத்துக்கொள்ளலாம், விற்பதானால் இந்தியாவில் வாழும் இந்தியக் குடிமகனுக்கே விற்கலாம். பண்ணுருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பும் பலா மரங்களும் உள்ள குடும்பங்களுக்கு இது சிறு செய்தியன்று. அரசு ஓய்வூதியர் ஆண்டுதோறும் நேர்காணலுக்கு வர வேண்டும் அல்லது உயிர்வாழ்வுச் சான்று அனுப்ப வேண்டும். கிரீன் கார்டு பெற்றவர் ஓராண்டுக்கு மேல் ஊரில் தங்கினால் அட்டையை இழக்க நேரலாம். நிரந்தர விசா பெற்ற பலரும் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று அலைவதற்குக் காரணம் பாசத்தைவிட இவ்விதிகளே.

இன்றைய நிலை

ஜெர்மனி, 2024 மார்ச் முதல் வேலை அனுமதி பெறும் தொழில்வல்லுநரின் பெற்றோருக்கு இடம் தருகிறது. நியூசிலாந்து 2025-ல் ஐந்தாண்டுப் பெற்றோர் விசாவைத் தொடங்கியது. சென்னையில் துணைத் தூதரகம் இருந்தும், அமெரிக்கக் குடியேற்ற விசா கேட்கும் கடலூர் மாவட்டப் பெற்றோர் நேர்காணலுக்கு மும்பைக்கே செல்கின்றனர்.