சேரிப் பெண்ணின் கருப்பையும் சாதியின் கணக்கும்

திண்டிவனத்தைப் பற்றி மருத்துவ வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1890களின் தொடக்கம். ஆற்காடு மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கடர் அங்கே மருத்துவம் பார்த்துவந்தார். அமெரிக்காவில் படித்த அவருடைய மகள் ஐடா, தாயைக் கவனித்துக்கொள்ள வந்திருந்தார். ஓர் இரவு மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் சாதி இந்து. மூவர் வீட்டிலும் பெண்டாட்டி பிரசவ வலியில் தவித்துக்கொண்டிருந்தாள். ஆண் டாக்டர் தொடக்கூடாது, நீங்கள்தான் வரவேண்டும் என்று ஐடாவைக் கேட்டார்கள். அவர் அப்போது மருத்துவம் படித்தவரல்ல. மறுநாள் பார்த்தால் மூன்று பெண்களும் செத்துப்போயிருந்தார்கள். அந்த இரவுதான் அவரை மருத்துவம் படிக்க வைத்தது. 1899இல் பட்டம் பெற்றுத் திரும்பி வந்து வேலூரில் மருத்துவமனை கட்டினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கினார்.

இந்தக் கதையில் பொய் இல்லை. ஆனால் இதில் சேரி இல்லை. திண்டிவனத்தைச் சுற்றியுள்ள சேரிகளில் அந்த வருஷம் தலைப்பிரசவத்தில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதிவைத்தவர் யாரும் இல்லை. அவர்களுக்காக ராத்திரியில் துரை வீட்டுக் கதவைத் தட்டும் துணிவு எந்தப் புருஷனுக்கு இருந்திருக்கும்? இன்னொருத்தியும் இந்தக் கதையில் இல்லை. அவள் மருத்துவச்சி. தொப்புள்கொடி அறுப்பது, நஞ்சு புதைப்பது, தீட்டுத்துணி அலசுவது எல்லாம் தீண்டத்தகாத வேலை என்று நாவிதர், பறையர், சக்கிலியர் பெண்கள் தலையில்தான் கட்டப்பட்டிருந்தன. ஊரின் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள் அவள்தான். பிள்ளை பிறந்த பிறகு அவள் அந்த வீட்டு நடைக்கு வெளியே நிற்க வேண்டும். அவளை மையத்தில் வைத்து எழுத 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாமாவின் 'சங்கதி' சேரியில் பிரசவம் பார்க்கும் ஒரு பாட்டியின் வாய்ப்பேச்சிலிருந்துதான் தொடங்குகிறது.

யார் பெறலாம், எத்தனை பெறலாம், யாருடைய சாவு கணக்கில் ஏறும் என்பதை நம் நாட்டில் சாதி முடிவு செய்து வந்திருக்கிறது. பெண்ணின் உடல் பற்றிய பேச்சை இங்கிருந்துதான் நாம் தொடங்க வேண்டும்.

இரண்டு கர்ப்பத்தடைகள்

தமிழ்நாட்டில் கர்ப்பத்தடை பற்றிய பேச்சு இரண்டு வாய்க்கால்களில் ஓடியது. ஒன்று மால்தூசியர்களின் வாய்க்கால். 1920களின் கடைசியில் சென்னையில் நியோ மால்தூசியச் சங்கம் அமைந்தது. நீதிபதி வேப்பா ராமேசம் போன்ற மேல்சாதிப் பெரிய மனிதர்கள் அதை நடத்தினார்கள். நாட்டில் ஜனத்தொகை பெருகுகிறது, ஏழைகள் அளவில்லாமல் பெறுகிறார்கள், இதனால் நாட்டின் தரம் கெடுகிறது என்பது அன்றைய மால்தூசியர்களின் கவலை. அக்காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியிருந்த இனமேம்பாட்டுவாதத்தின் வாடை இதில் அடித்தது.

இன்னொரு வாய்க்கால் சுயமரியாதை இயக்கத்துடையது. பெரியார் 'குடி அரசு' ஏட்டில் இதைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1942இல் வந்த 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடைக்குத் தனி அத்தியாயமே உண்டு. மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்காகவும், நாட்டின் வறுமைக்காகவும், குடும்பச் சொத்துக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்கிறார்கள். நாமோ பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்று அவர் வேறுபடுத்திக் காட்டினார். இந்த வேறுபாடு சின்னதல்ல. முதல் வாய்க்காலில் பெண் ஒரு எண்ணிக்கை. இரண்டாவதில் அவள் ஒரு ஆள்.

அம்பேத்கரும் இதில் பின்தங்கவில்லை. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்கான பிரசவகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டின் கடமை, அந்தச் செலவில் பங்கெடுக்க அரசு முன்வர வேண்டும் என்றார். 1938 நவம்பரில் அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் உறுப்பினர் ரோஹம் பம்பாய் சட்டமன்றத்தில் கர்ப்பத்தடைத் தீர்மானம் கொண்டுவந்தார். அம்பேத்கர் தயாரித்த உரை அதில் வாசிக்கப்பட்டது. பிரசவ வேதனை ஆண்களுக்கு வந்திருந்தால் அவர்கள் ஒரு பிள்ளைக்கு மேல் சம்மதிக்கமாட்டார்கள் என்ற கருத்து அந்த உரையில் இருக்கிறது. தீர்மானம் தோற்றது. ஆதரவு 11, எதிர்ப்பு 52.

ஆகவே கர்ப்பத்தடை மேல்நாட்டுச் சரக்கு, தலித்துகளுக்கு எதிரான சதி என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. அது நம் இயக்கங்களின் கோரிக்கையாகவும் இருந்தது. கத்தி ஒன்றுதான். அது யாருடைய முடிவின் பேரில் எடுக்கப்படுகிறது என்பதே கேள்வி.

முப்பது ரூபாய்

சுதந்திரத்துக்குப் பிறகு அரசு எடுத்துக்கொண்டது மால்தூசியர்களின் வாய்க்காலைத்தான். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஆர்.ஏ. கோபாலசாமி. ஏற்கனவே மூன்று பிள்ளை பெற்றவள் நாலாவது பெற்றால் அதற்குப் 'பொறுப்பற்ற தாய்மை' என்ற பொருளில் அவர் அறிக்கை ஒரு பெயர் வைத்தது. தகப்பனைப் பற்றி அந்தப் பெயரில் பேச்சே இல்லை. 1950களின் பிற்பகுதியில் சென்னை மாநிலம் கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. ஆள் பிடித்து வருபவர்களுக்கும் காசு. பணக்காரருக்கு டாக்டர் ஆலோசனை, ஏழைக்கு ரொக்கம். கூலி இல்லாத மாதத்தில், வீட்டில் அரிசி இல்லாத நேரத்தில் நீட்டப்படும் 30 ரூபாயை வாங்கிக்கொள்வதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

அவசரநிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், நாடு முழுக்க 82 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை நடந்தது. பெரும்பாலோர் ஆண்கள். 1977 தேர்தலில் இந்திரா காந்தி ஆட்சி கவிழ்ந்தது. அதோடு அரசு ஒரு பாடம் கற்றுக்கொண்டது. கட்டாயத்தைக் கைவிட வேண்டும் என்ற பாடம் அல்ல. ஆணை விட்டுவிட்டுப் பெண்ணைப் பிடிக்க வேண்டும் என்ற பாடம். ஆணின் ஓட்டுக்குப் பயந்த அரசு பெண்ணின் உடம்புக்குப் பயப்படவில்லை.

அதன் விளைவை இன்றைக்கும் எண்ணிப் பார்க்கலாம். 2019-21இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமாகி 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 100க்கு 57 பேருக்கு மேல் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் அறுவை செய்துகொண்டது ஆயிரத்துக்கு ஒன்று. பெரியார் மண் என்று மார்தட்டுகிறோமே, இந்த ஆயிரத்துக்கு ஒன்றைப் பற்றி எந்த மேடையிலாவது பேசுகிறோமா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் காலனிகளில் 'ஆபரேஷன்' என்றால் அது ஒரே ஆபரேஷன்தான். மற்றதற்கெல்லாம் குடல் ஆபரேஷன், கண் ஆபரேஷன் என்று அடைமொழி வேண்டும். அந்த ஆபரேஷனை விரும்பிப் போய்ப் பண்ணிக்கொண்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. மூணு பெத்தாச்சு, போதும்டா சாமி என்று மாமியாருக்குத் தெரியாமல் போய்ப் படுத்தவர்கள் உண்டு. அவர்களுடைய முடிவை நாம் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் அவர்களுக்கு வேறு என்ன வழி காட்டப்பட்டது? மாத்திரையா, உறையா, புருஷனுக்கு அறுவையா? 1996இல் கைவிடப்படும் வரை மேலிருந்து இலக்கு வந்தது. மாதத்துக்கு இத்தனை கேஸ் என்று நர்ஸம்மா கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்குக்கு எளிதாகக் கிடைப்பவள், அரசு ஆஸ்பத்திரியை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத கூலிக்காரிதான். அமெரிக்க மானுடவியலாளர் செசிலியா வான் ஹோலன் 1990களில் தமிழ்நாட்டில் ஆய்வு செய்து 2003இல் ஒரு நூல் வெளியிட்டார். பிரசவம் ஆன கையோடு, பெண்ணிடம் சரியாகச் சொல்லாமலே, காப்பர்-டி வைத்து அனுப்பும் பழக்கம் அரசு மருத்துவமனைகளில் இருந்ததை அதில் பதிவு செய்திருக்கிறார்.

நலத்திட்டங்களுக்குள்ளும் இதே கணக்கு நுழைந்தது. 1992இல் வந்த பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் மகளின் பெயரில் வைப்புத்தொகை கிடைக்க வேண்டுமானால் பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை செய்திருக்க வேண்டும். அந்த 'ஒருவர்' யார் என்று சொல்லத் தேவையில்லை. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி முதல் இரண்டு பிரசவங்களோடு நிற்கிறது. மூன்றாவது பிள்ளை பெறுபவள் யார்? பிள்ளையைச் சாகக் கொடுத்தவள், பையன் வேண்டும் என்று நெருக்கப்பட்டவள், மறுமணம் செய்துகொண்டவள். சத்துணவு மிகவும் தேவைப்படும் பச்சை உடம்புக்காரியிடம் 'உனக்கு இல்லை' என்று சொல்வது நலத்திட்டமா, தண்டனையா?

2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் பக்கத்தில் ஒரே முகாமில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அங்கும் அதையடுத்த முகாம்களிலுமாகப் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் செத்தார்கள். எல்லாரும் ஏழைகள். 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கருத்தடை முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது.

கறுப்புப் பெண்களின் பாடம்

இந்தக் கதையைக் கேட்டால் அமெரிக்காவின் கறுப்புப் பெண்கள் ஆச்சரியப்படமாட்டார்கள். 1961இல் மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர் என்ற பருத்திக்காட்டுத் தொழிலாளி கட்டி எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனார். அவரைக் கேட்காமலே கருப்பையை எடுத்துவிட்டார்கள். அந்த வட்டாரத்தில் இது வழக்கமாகவே நடந்தது. பின்னாளில் அவர் குடியுரிமைப் போராட்டத்தின் பெரிய தலைவரானார். 1973இல் அலபாமாவில் 14, 12 வயதுள்ள இரண்டு கறுப்புச் சிறுமிகளுக்கு அரசுப் பண உதவியில் நடந்த மருத்துவ மையத்தின் மூலம் கருத்தடை அறுவை நடந்தது. எழுதப்படிக்கத் தெரியாத தாய் தாளில் பெருக்கல் குறி போட்டிருந்தார். அதுதான் சம்மதம். செவ்விந்தியப் பெண்களுக்கும் போர்ட்டோ ரிக்கோப் பெண்களுக்கும் இதே கதி.

அதே காலத்தில் அங்கே வெள்ளைப் பெண்ணியவாதிகள் கருக்கலைப்பு உரிமை கேட்டுப் போராடினார்கள். 'என் உடல், என் தேர்வு' என்றார்கள். கறுப்புப் பெண்கள் அதை மறுக்கவில்லை. அது போதாது என்றார்கள். தேர்வு என்பது கையில் காசும் பக்கத்தில் மருத்துவமனையும் இருப்பவருக்குத்தான். 1994இல் சிகாகோவில் கூடிய கறுப்புப் பெண்கள் 'மகப்பேற்று நீதி' என்ற சொல்லை உருவாக்கினார்கள். அதில் மூன்று உரிமைகள் உண்டு. பிள்ளை வேண்டாம் என்று சொல்லும் உரிமை. பிள்ளை பெற்றுக்கொள்ளும் உரிமை. பெற்ற பிள்ளையை அச்சமில்லாத இடத்தில் வளர்க்கும் உரிமை.

மூன்றாவது உரிமை என்றால் என்ன என்பதை விழுப்புரம் மாவட்டத்தில் விளக்கவேண்டியதில்லை. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்திலேயே 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அவர்களைப் பெற்றவர்களும் தாய்மார்கள்தான். 2011 நவம்பரில் திருக்கோவிலூர் அருகே இருளர் பெண்கள் நான்கு பேரைப் போலீசாரே இழுத்துப்போய்ச் சீரழித்ததாகப் புகார் எழுந்தது. திண்டிவனத்தில் இயங்கும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அவர்களுக்காகப் போராடியது. செங்கல் சூளையில் முன்பணத்துக்குக் கட்டுண்டு, சூளையிலேயே பெற்று, அங்கேயே தூளி கட்டும் இருளப் பெண்ணுக்கு 'இரண்டு போதும்' என்ற சுவரெழுத்து என்ன நீதி தரும்?

நாலாவது உரிமை

ஆனால் இனமும் சாதியும் ஒன்றல்ல. இங்கே நாம் நம்முடையதைச் சேர்க்க வேண்டும். அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில், சாதி நிற்பது அகமணத்தின் மேல் என்று காட்டினார். அகமணத்தைக் காப்பாற்ற உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் சிறுமித் திருமணமும் தேவைப்பட்டன. அதாவது பெண்ணின் கருப்பைக்குக் காவல் போடுவதில்தான் சாதியே பிறக்கிறது. மேல்சாதிப் பெண்ணின் கருப்பை பூட்டிவைக்கப்படுகிறது. தலித் பெண்ணின் கருப்பை குறைக்கப்படுகிறது. 'பன்னிக்குட்டி மாதிரி பெத்துப் போடுதுங்க' என்று சேரியைப் பார்த்துச் சொல்லும் வாய்தான், தன் வீட்டுப் பெண் சேரிப் பையனோடு போனால் கொலைக்கும் துணிகிறது.

2003 ஜூலையில், பழைய தென்னார்க்காட்டின் விருத்தாசலம் பக்கத்தில், வன்னியப் பெண் கண்ணகியையும் அவர் மணந்துகொண்ட தலித் இளைஞர் முருகேசனையும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2025 ஏப்ரலில். நீதிக்கு 22 வருஷம் ஆயிற்று. ஆகவே கறுப்புப் பெண்களின் மூன்று உரிமைகளோடு நாம் நாலாவதைச் சேர்க்கிறோம்: யாரோடு வாழ்வது, யாருடைய பிள்ளையைச் சுமப்பது என்று பெண்ணே முடிவு செய்யும் உரிமை. இதைப் பேசாத பெண்ணியம் சாதியைத் தொடாத பெண்ணியம்.

இதற்கிடையில் கணக்கு மாறிவிட்டது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைக்கும் குறைவு. தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டுக்கு எம்.பி. இடங்கள் குறையும் என்ற பயம் வந்தது. 2024 அக்டோபரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பதினாறு பிள்ளை பெறலாமே என்று பாதி வேடிக்கையாகச் சொன்னார். 2025 மார்ச்சில் புதுமணத் தம்பதிகள் உடனே பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார். தொகுதிகளைப் பறிப்பது அநியாயம்தான், அதை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் நேற்று நாட்டுக்காகப் பெறாதே, இன்று நாட்டுக்காகப் பெறு. இரண்டு முறையும் பெண்ணை யாரும் கேட்கவில்லை.

நாம் கேட்க வேண்டியவை தெளிவாக உள்ளன. மகப்பேறு உதவியில் பிள்ளை எண்ணிக்கை நிபந்தனை போக வேண்டும். மகள் பெயரில் போடும் பணத்துக்குத் தாயின் அறுவை விலையாகக் கூடாது. ஆணுக்கான அறுவை பற்றி ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பேசப்பட வேண்டும். நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் சூளைக்கும் போகும் பெண்ணுக்குப் பிரசவ ஓய்வு கூலியோடு கிடைக்க வேண்டும். அம்பேத்கர் ஆலைப் பெண்களுக்காக 1928இல் கேட்டதைத்தான் வயல் பெண்களுக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் காலனிகளில் அறுபது, எழுபது வயதுப் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த வயதில் ஆபரேஷன் ஆச்சு, யார் கூட்டிப்போனது, யார் கைநாட்டு வைத்தது, எத்தனை நாள் வேலைக்குப் போக முடியவில்லை, அவர்களுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி பெயர் என்ன என்று உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். அவர்கள் விரும்பினால் மட்டும் பெயர் போடுங்கள். திண்டிவனத்தின் அந்த இரவைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. இவர்களுடைய இரவுகளைப் பற்றி இவர்கள் சொன்னால்தான் உண்டு. அவர்கள் வாயிலிருந்து கேட்பதற்கு நமக்கு இருக்கும் காலம் அதிகமில்லை.