பட்டியில் உள்ள இடைவெளி: வகுப்பில் நாங்கள் விட்ட ஒரு பிழையைத் திருத்திக்கொள்கிறோம்



சென்ற தவணையில் ஒரு நாள், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் உள்ள சிறுகோள் பட்டியைக் கரும்பலகையில் வரைந்து, வெண்கட்டியால் நெருக்கமாகப் புள்ளிகள் குத்தினோம். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "சேர், எல்லா இடமும் ஒரே மாதிரியா நிரம்பியிருக்கும்?" என்று கேட்டான். "ஓம்" என்று சொல்லிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போய்விட்டோம்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் அது பிழையென்று விளங்கியது. அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் திருத்திச் சொல்லிவிட்டோம். ஊரிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்காகவும் இங்கே எழுதுகிறோம். ஏனென்றால் இந்தக் கதையில் நமக்குப் பக்கத்துக் கரையான மதராசும் வருகிறது.

1861ஆம் ஆண்டு நோர்மன் பொக்சன் என்ற ஆங்கிலேயர் மதராஸ் வானாய்வு நிலையத்துக்குப் பொறுப்பாக வந்தார். அந்தக் காலத்தில் சிறுகோள் பிடிப்பதென்றால் புகைப்படமும் இல்லை, கணினியும் இல்லை. வானத்தின் ஒரு துண்டை விண்மீன் படத்தோடு இரவிரவாக ஒப்பிட வேண்டும். எந்தப் புள்ளி இடம் மாறியிருக்கிறதோ அதுவே சிறுகோள். அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் திகதி அவர் ஒன்றைக் கண்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் அதுதான். ஆகவே 'ஆசியா' என்றே பெயர் வைத்தார். பட்டியலில் அதற்கு 67ஆம் இலக்கம். 1864இல் சாஃபோ, 1866இல் சில்வியா, 1868இல் கமிலா, 1885இல் வேரா. ஆக மதராசிலிருந்து ஐந்து.

அந்த நிலையத்தில் பொக்சன் தனியாக வேலை செய்யவில்லை. அவருக்கு முன்பிருந்தே அங்கே இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது, சாதாரண மக்களும் விளங்கிக்கொள்ள வேண்டுமென்று உருது உட்பட நாட்டு மொழிகளில் சிறு நூல் வெளிவரச் செய்தவரும் அவரே. விஞ்ஞானத்தைச் சொந்த மொழியில் சொல்ல முடியாது என்பவர்களுக்கு இதை நாம் சொல்லிக் காட்டலாம்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 1866இல் டானியல் கேர்க்வுட் என்ற பேராசிரியர், அதுவரை தெரிந்திருந்த சுமார் 90 சிறுகோள்களையும் சூரியனிலிருந்து அவற்றுக்குள்ள தூரப்படி வரிசைப்படுத்திப் பார்த்தார். மதராசில் எடுத்த கணக்கும் அந்தப் பட்டியலில் சேர்ந்ததுதான். சில தூரங்களில் சிறுகோள்களே இல்லை. வெறும் இடைவெளி.

அந்த இடைவெளிகள் கண்டபடி விழவில்லை. வியாழன் சூரியனை ஒரு தரம் சுற்ற 11.86 வருடம். அதற்குள் சரியாக மூன்று சுற்றுச் சுற்றக்கூடிய தூரத்தில் ஓர் இடைவெளி. இரண்டு சுற்றுச் சுற்றக்கூடிய தூரத்தில் இன்னொன்று.

பெருநாளைக்கு மாமரத்தில் கட்டும் ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். கண்டபடி தள்ளினால் ஊஞ்சல் குழம்பும். சரியான நேரம் பார்த்துத் தள்ளினால், சிறு கை தள்ளினாலும் உயர உயரப் போகும். இதைத்தான் பௌதிகத்தில் பரிவு என்கிறோம். அந்தத் தூரத்தில் சுற்றும் சிறுகோளை வியாழன் ஒவ்வொரு முறையும் அதே இடங்களில் வைத்து இழுக்கிறது. இலட்சக்கணக்கான வருடங்களில் அதன் பாதை நீண்டு, செவ்வாயின் பாதையையும் பூமியின் பாதையையும் வெட்டத் தொடங்கும். 1980களில் ஜக் விஸ்டம் என்பவர் கணினியில் கணக்கிட்டு இதை உறுதிப்படுத்தினார். பூமியில் விழும் விண்கற்கள் பல இந்த வழியாக வந்தவைதான்.

ஆனால் பரிவு எப்போதும் துரத்துவதில்லை. வியாழன் இரண்டு சுற்றுச் சுற்றும்போது மூன்று சுற்றுச் சுற்றும் ஹில்டா கூட்டம், வியாழனுக்குக் கிட்ட நெருங்காமல் அதே கணக்கால்தான் காக்கப்படுகிறது. வியாழனின் பாதையிலேயே அதற்கு முன்னாலும் பின்னாலும் செல்பவை திரோஜன்கள். அவற்றில் முதலாவதான அக்கிலிஸ் 1906இல் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று பத்தாயிரத்துக்கும் மேல் தெரியும்.

மதராசின் சிறுகோள்கள் எங்கே? ஆசியாவுக்கு ஒரு சுற்று 3.77 வருடம். மூன்று சுற்று இடைவெளிக்கு உரிய காலம் 3.95. அதற்குச் சற்று உள்ளே அது நிற்கிறது. சில்வியாவுக்கு 6.5 வருடம். இரண்டு சுற்று இடைவெளிக்கு உரிய 5.93ஐத் தாண்டி வெளியே நிற்கிறது. உள்வரம்பில் ஒன்று, வெளிவரம்பில் ஒன்று. வரம்பு தெரிந்தால்தானே வாய்க்கால் எங்கே என்று தெரியும்? பிள்ளைகளே, செவ்வாய்க்கு ஒரு சுற்று 1.88 வருடம். அதை இரண்டால் பெருக்கி, ஆசியாவின் காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. கேர்க்வுட் பேராசிரியராகும் முன் ஒரு நாட்டுப்புறப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தவர். அங்கே ஒரு மாணவன் அட்சரகணிதம் படிக்க ஆசைப்பட்டான். ஆசிரியருக்கோ அது தெரியாது. மறைக்கவில்லை. இருவரும் ஒரே புத்தகத்தை வைத்துச் சேர்ந்தே படித்தார்கள். அவருடைய கணிதம் அங்கிருந்துதான் தொடங்கியது.

"ஓம்" என்று சொல்லித் தப்பிய அன்று, "தெரியாது மகன், வா பார்ப்போம்" என்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகள் கேள்வி கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள். அதில் நமக்கு ஒரு குறைவும் வராது.