பேருந்தில் படித்த பத்திரிகை



சரித்திரம் என்றதும் அரசர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. பேருந்தில் அமர்ந்து பத்திரிகை படிக்கும் இன்பத்திற்கும் ஒரு சரித்திரம் உண்டு.

1882-ஆம் ஆண்டில் ஜி. சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திர'னை வாரப் பத்திரிகையாகத் தொடங்கினார். 1899-இல் அது நாளிதழாயிற்று. சென்னையில் அச்சான பத்திரிகை ரயிலிலும் தபாலிலும் பிரயாணம் செய்தே வெளியூர்ச் சந்தாதாரரை அடையும். ரயில் செல்லாத கிராமங்களுக்குச் செய்தி பழையதான பிறகே எட்டும். மோட்டார் பஸ்கள் பெருகிய பின்னர் இந்நிலை மாறியது. 1942-இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் 'தினத்தந்தி'யை நிறுவினார். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் விளங்கும் எளிய தமிழ் அதில் இருந்தது. பத்திரிகைக் கட்டுகள் விடியற்காலைப் பேருந்தில் ஏறிப் பக்கத்து ஊர்களுக்குப் புறப்பட்டன.

அத்தகைய பேருந்தில் நான் பலமுறை சென்றிருக்கிறேன். ஜன்னல் காற்றில் தாள் படபடக்கும். மேடுபள்ளத்தில் வரிகள் குதிக்கும். நான்காக மடித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். "நடுத்தாளைக் கொடுங்கள்" என்று பின்னாலிருந்து ஒரு கை நீளும். ஒருவர் வாங்கிய பத்திரிகை இறங்குமிடம் வருவதற்குள் பத்துப் பேரிடம் போய்வந்துவிடும்.

1964 மே 28 அன்று காலை மதுரையிலிருந்து தேனிக்குப் பயணமானேன். முதல் நாள் பிற்பகலில் பிரதமர் நேரு காலமாகியிருந்தார். வானொலி அதனை அன்றே அறிவித்துவிட்டது. ஆயினும் பேருந்திலிருந்த அனைவரும் என் கையிலிருந்த பத்திரிகையையே நோக்கினர். பக்கத்திலிருந்த முதிய விவசாயி, "ரேடியோவுல கேட்டேன் தம்பி. இருந்தாலும் நீ வாசிப்பா" என்றார். உரக்க வாசித்தேன். எவரும் பேசவில்லை. முடித்ததும் அவர், "இதுல அவரு பேரு எங்க இருக்கு?" என்று கேட்டார். காட்டினேன். இரண்டே எழுத்து. அதன்மீது விரலை வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

1961-ஆம் ஆண்டின் குடிமதிப்பின்படி நம் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு 28 பேரே. அந்தப் புள்ளிவிவரத்தை நான் கல்லூரியில் படித்திருந்தேன். அதன் பொருள் அந்த விரலைக் கண்டபோதுதான் எனக்கு விளங்கியது. எழுத்தறிந்த ஒருவன் அருகிலிருந்தால், எழுத்தறியாதவரும் அந்தப் பிரயாண நேரத்தில் நாட்டின் செய்தியில் பங்கு பெற்றார். பேருந்துப் பத்திரிகையின் இன்பத்தில் பெரும்பகுதி இதுவே என்று கருதுகிறேன்.

உசிலம்பட்டியில் அவர் இறங்கும்போது, "தாளை நான் வச்சுக்கிடட்டுமா? பேரன் பள்ளிக்கூடம் போறான், வாசிச்சுக் காட்டுவான்" என்றார். மகிழ்ச்சியுடன் கொடுத்தேன். துண்டில் சுற்றி எடுத்துச் சென்றார்.

இன்று செய்தி கைபேசியிலேயே வந்துவிடுகிறது. அவரவர் தனித்துப் படிக்கிறோம். மாணவர்களே, உங்கள் அடுத்த பிரயாணத்தில் ஒரு பத்திரிகை வாங்குங்கள். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் முகம் சுளிக்காமல் ஒரு தாளைக் கொடுங்கள். படிக்க இயலாதவர் என்றால் வாசித்துக் காட்டுங்கள்.